கறிக்கு எடுத்துவைத்த மீன்

கடலிலிருந்து வந்த ராசு, வீட்டுக் கறிக்கென்று எடுத்துவைத்த சங்கரா மீனோடு வாசலில் நிற்கிறான். காலை வெயிலில் செதில்கள் சிவந்து மினுங்குகின்றன. உள்ளே அவன் மனைவி எல்லையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். மூட்டுவலிக்கு உடம்பு இளைக்க வேண்டுமென்று வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாள். முந்தாநாள் டோஸைக் கூட்டியிருக்கிறார்கள். நாகூர்த் தெருக்களில் காலமெல்லாம் மீன்கூடை சுமந்தவளுக்கு இப்போது மீன் வாடையே குமட்டுகிறது. “கோவிச்சுக்காதீங்க, அத அடுத்த வீட்ல குடுத்துடுங்க.” கொடுத்துவிட்டு வந்தவன் குழாயடியில் குந்தி, கையிலும் கழுத்திலும் நகக்கண்ணிலும் சோப்பைத் தேய்க்கிறான். கையை முகர்ந்து பார்க்கிறான். மறுபடியும் தேய்க்கிறான். “இப்ப உள்ள வரட்டுமா?” என்று தன் வீட்டு வாசலில் நின்றே கேட்கிறான். “வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.