ஒற்றைச் செருப்பு

கல்லூரி நாடகத்துக்காக, ஒற்றைச் செருப்பை வைத்து இளவரசன் பெண்ணைத் தேடிப் பிடித்த கதையை வாசித்துக் காட்டினாள் நிறைமதி.

“உங்கம்மாவ நானும் அப்படித்தான் புடிச்சேன்,” என்றார் அப்பா அருள்முருகன். “வைத்திக்குப்பம் பீச்சுல ஒத்தச் செருப்ப விட்டுட்டுப் போயிட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப்போய்க் குடுத்தேன். அன்னிக்கே மயங்கிட்டா.”

மீசையைத் தடவிக்கொண்டே குளிக்கப் போனார்.

“கால்ல செருப்பு இல்லாதது உனக்குத் தெரியலையாம்மா?”

அம்மா கார்குழலி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“தெரியாம என்ன? உங்கப்பா சட்டையில்லாம படகு தள்ளிக்கிட்டிருந்தாரு. பாத்துத்தான் பக்கத்துல விட்டேன். மூணாவது நாள்தான் அவரு கண்ணுல பட்டுது.”

“அதுக்கு முன்னாடி?”

“ரெண்டு நாளும் வேற ஒருத்தன் எடுத்துக்கிட்டு ஓடியாந்தான். அதோட ஜோடிய கால்ல மாட்டிக்கிட்டே, என்னுது இல்ல, எடுத்த எடத்துலயே போட்டுடுன்னுட்டேன்.”