துரைக்குத் தினம் ஒரு வார்த்தை

“ஆரம்பிச்சிட்டாருய்யா வாத்தியாரு!”

முள்வேலி கேட்டருகே, பால்மரம் வெட்டப் போகிற வரிசையில் நின்ற காளியண்ணன் முணுமுணுத்தார்.

மலாய் நாட்டில், புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அவசரகாலம் வந்ததிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு ஒரு கவளம் சோறுகூடப் போய்விடக் கூடாதாம்.

தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் எர்னஸ்ட், சோதனையை மேற்பார்க்கும் இளம் வெள்ளைக்கார அதிகாரியிடம் பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

“சார், ‘டீச்’ என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது?”

துரையின் முகம் மலர்ந்தது. வார்த்தைகளின் பூர்வீகம் என்றால் அவருக்கு உயிர். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் ‘காட்டுவது’ என்று பொருளாம். கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

“வெள்ளைக்காரனுக்கு நல்லா சோப்பு போடுறாரு லா!” என்றார் காளியண்ணன்.

எர்னஸ்டுக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்ல முடியுமா?

அதே வரிசையில் அவருடைய அக்காள் ஜெனவீவ் நின்றாள். எட்டு மாத வயிறு. விடிகாலையில் போனால் மத்தியானம் இரண்டு மணி வரை பட்டினி. போன மாதம் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து சேலைக்குள், வயிற்றோடு வயிறாக ஒரு சோற்றுப் பொட்டலம். பிடிபட்டால் ஜெயில். பிரசவமும் அங்கேதான்.

துரை பேச ஆரம்பித்தால் சோதனைக்காரி ஹமீதாவும் வாய் பார்ப்பாள், அக்காள் நழுவிவிடலாம். இதுதான் எர்னஸ்டின் திட்டம். ஹமீதா ஊர்க் கடைக்காரரின் மனைவி. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பூட்டு’.

மூன்று வாரமாகத் திட்டம் கனகச்சிதமாக நடந்தது. ‘டியூட்டர்’ என்றால் ஆதியில் காவல் காப்பவனாம். ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் லத்தீனில் மேடு பள்ளத்தைச் சமமாக்குவதாம்.

“அப்படியே நம்ம வயித்துப் பள்ளத்தையும் சமமாக்கச் சொல்லுங்க வாத்தியாரே!”

காளியண்ணன் சொன்னதும் வரிசையே சிரித்தது.

“பாத்தியாக்கா? ஒரே ஒரு வார்த்தை! துரை, அந்தப் பூட்டு, ரெண்டு பேரும் மண்டு!” என்று வீட்டில் எர்னஸ்ட் மார்தட்டினார்.

“கொஞ்சம் அடக்கி வாசி தம்பி,” என்றாள் ஜெனவீவ்.

மறுநாள் துரைக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது.

“சார், ‘எஜுகேட்’ என்கிற வார்த்தை…”

“இன்றைக்கு வேண்டாம்,” என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஹமீதாவின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

ஜெனவீவ் திரும்பிப் போகவும் வழியில்லை. அடுத்தது அவள்தான்.

ஹமீதாவின் கை தோளில் தொடங்கி விலாவில் இறங்கி, வயிற்றுக்கு மேலே புடைத்திருந்த இடத்தில் டக்கென்று நின்றது.

துரை குனிந்து பார்த்தார். “என்ன அது?”

எர்னஸ்டுக்கு அத்தனை ஆங்கிலமும் மறந்துபோனது.

ஹமீதா அந்தப் புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தடவினாள். மேடு அமுங்கி வயிற்றோடு சமமானது.

“புள்ள உதைக்குது, துவான்,” என்றாள், துரைக்குப் புரிகிற மலாயில்.

துரை முகம் சிவந்து சட்டென்று விலகிப் போய்விட்டார். ஜெனவீவ் கேட்டைத் தாண்டி நடந்தாள்.

எர்னஸ்ட் ஹமீதாவின் அருகில் போனார். “ஹமீதாக்கா… நீங்க…”

“தள்ளி நில்லுங்க வாத்தியாரே, வரிசை நிக்குது,” என்றாள் ஹமீதா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். “மூணு வாரமா அந்தப் புள்ள அதே எடத்துலதான் உதைக்குது. உங்க இங்கிலீசுக்கு நான் எங்க வாய் பாத்தேன்? எனக்கு அது ஒரு எழுத்துகூடப் புரியாது லா.”

பிறகு அடுத்தவளைக் கிட்டே இழுத்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

“கருவாடு மட்டும் வைக்க வேணாம்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க. புள்ளைகிட்டேருந்து அந்த வாசனை வராது.”