சண்டைக்கு ஆளில்லாத படம்

ஒரே படத்தை அவரவர் மனசுக்குப் பிடித்தபடி கணினியே ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிக் காட்ட ஆரம்பித்த பிறகு, பரோட்டாக் கடையில் சண்டை நின்றுபோனது. 'விண்வேலி' பட வரிசையில் முந்தைய பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் நண்பர் சேவியரோடு தொண்டை கட்டும்வரை மல்லுக்கு நின்றவர் குருசாமி. புதிய பாகத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"படம் எப்படிடே?" என்று கேட்டார் சேவியர்.

"பிடிச்சிருந்துச்சு. உனக்கு?"

"எனக்கும்."

அதற்குமேல் சண்டை போட ஒன்றுமில்லை. சால்னா ஆறிக்கொண்டிருந்தது. குருசாமிக்குப் பொறுக்கவில்லை.

"அதுல நடிச்ச சின்னப்பய..."

"எனக்கு வந்தது பொம்பளப்பிள்ளைல்லா," என்றார் சேவியர். "அவ அழுதப்போ எனக்கே கண்ணு கலங்கிட்டு."

குருசாமி பார்த்த படத்தில் பெண் குழந்தையே கிடையாது. ஆனாலும் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அவளா? அவளுக்கு அழவே தெரியலயேடே!"