சாமிக்கு ஒரு நீச்சல் உடை

"நோடி, பாருங்க சாமி, கழுத்துலருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு. உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்குது!"

தேவராஜ மொஹல்லாவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டசாமி, கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே, மெல்லிய ரப்பரில் செய்த அந்த நீச்சல் உடையைச் சந்திரனின் தோளில் வைத்து அளவு பார்த்தார்.

எல்லாம் மச்சினன் யுவன் செய்த வேலை. தன் அக்கா சுசித்ராவின் ஐந்தாவது கல்யாண நாளுக்கு அந்தமான் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான். டிசம்பர் இருபதாம் தேதி கிளம்ப வேண்டும். கடலில் குப்புற மிதந்தபடி மீன்களைப் பார்க்கும் ஸ்நார்க்லிங்கும் அதில் சேர்த்தி. ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் மாமனார் வீட்டில் யார் முகத்திலும் முழிக்க முடியாது.

ஆனால் சந்திரன் வாளிக்கு மேல் ஆழமான தண்ணீர்ப் பக்கமே போகாதவன். சின்ன வயதில் ஹனூரில் ஒரு கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டவன். அன்றிலிருந்து கே.ஆர்.எஸ். அணையைக்கூட பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

ஆகவே கார்த்திகை ஒன்றாம் தேதி, யாரிடமும் சொல்லாமல் போய் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கறுப்புத் துணி, வெறுங்கால், இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல். மாலை போட்ட சாமியை எந்தப் பெண்டாட்டியும் கடலில் தள்ள மாட்டாள் என்பது அவன் கணக்கு. 'பயத்துல போட்ட மாலைதான், மன்னிச்சுரு ஐயப்பா, பெரிய பாதையில நடந்தே வந்துடறேன்' என்று தினமும் மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

சுசித்ரா விடுவதாக இல்லை. கையோடு கடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"சாமி கறுப்புத்தான போடணும்? இதுவும் கறுப்புத்தான். போடலாமா கூடாதா, சாமியே சொல்லட்டும்" என்றாள். மாலை போட்டதிலிருந்து அவளும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"அந்தமான் கடல் டிசம்பர்லயும் வெதுவெதுன்னு இருக்குமாமே? அதுக்கு எதுக்கு இந்த ரப்பர் கோட்டு?" என்றான் சந்திரன்.

"எறங்கறப்ப வெதுவெதுன்னுதான் இருக்கும் சாமி. அரை மணி மிதந்தா பல்லு தந்தி அடிக்கும். திரும்பி வர்றப்ப போட்டுல காத்து வேற. இது ரெண்டு மில்லி கனம், அஷ்டே, அவ்வளவுதான். குளிரும் தாங்கும், வெயிலும் தாங்கும். குப்புற மிதக்கறவங்களுக்குப் பின்கழுத்தும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். பாறை உரசினாலும் சிராய்ப்பு இல்ல. ஜெல்லி மீனு தொட்டாலும் எரிச்சல் இல்ல" என்றார் நஞ்சுண்டசாமி.

ஜெல்லி மீன் என்றதும் சந்திரன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"அலையில மாலை கழண்டு போச்சுன்னா? தெய்வக் குத்தமாயிடும்!"

"கழுத்து வரைக்கும் ஜிப்பு இருக்குது. மாலை உள்ளாற பத்திரமா இருக்கும்."

"காலுல வாத்துக்கால் மாதிரி ஒண்ணு மாட்டுவாங்களே, அது செருப்புக் கணக்குத்தான? நான் செருப்புப் போடக்கூடாது."

"நீச்சல் தெரியாதவங்களுக்கு அது எதுக்கு சாமி? டியூபைப் புடிச்சுக்கிட்டா கைடே இழுத்துட்டுப் போவான்."

சந்திரனுக்கு வேர்த்தது. சுசித்ரா அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"எதுக்கும் குருசாமிய ஒரு வார்த்தை கேட்டுரலாம். அவர் ஒத்துக்குவாரா?"

சந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனுக்கு மாலை போட்டுவிட்ட காளியப்பன் குருசாமி, டீக்கடையில் டீ குடிப்பதற்கே ஆயிரம் சட்டம் பேசுகிறவர். உடனே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"தாராளமாப் போயிட்டு வாங்க சாமி! விரத காலத்துல சமுத்திர ஸ்நானம் யாருக்குங்க கிடைக்கும்? எனக்கும் ஒரு பாட்டில் கடல்தண்ணி கொண்டாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். சந்திரனுக்கு வாய்த்த பூசாரியோ கேட்காத வரத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டார்.

"சரி, போலாம். இதையே பில் போடுங்க" என்றான் சந்திரன்.

"நிஜமாவா சாமி?"

சுசித்ராவின் கண்கள் அகல விரிந்தன. வீடு வரும் வரை ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தான் சந்திரன். பயத்தையும் மீறி அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெண்டாட்டிக்காக உயிரைக் கொடுக்கிற ஆண்பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

மறுநாள் காலை, கோயிலுக்குப் போய்த் திரும்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

தலைக்குக் குளித்து, சிவப்புச் சேலையும் சிவப்பு ஜாக்கெட்டும் உடுத்தி, கழுத்தில் சக்தி மாலையோடு சுசித்ரா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன பண்ணட்டும் யுவா? அம்மன் கனவுல வந்து கூப்பிட்டுட்டா. வழிபாட்டு மன்றத்துக்குப் போய் மாலை போட்டுட்டு வந்துட்டேன். தைப்பூசம் வரைக்கும் உடம்புல செவப்பைத் தவிர வேற கலர் படக்கூடாது. கடைல இருந்தது பூரா கறுப்பு. வேற வழியில்ல, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிரு."

போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கண்ணில் நிஜமாகவே நீர் முட்டியது.

"தம்பிகிட்ட நானே வேண்டாம்னு சொல்ல முடியாம, நீங்க மாட்டேன்னு சொல்லிருவீங்கன்னு நம்பித்தான சாமி, கடை வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்? எனக்குத் தொட்டித் தண்ணியப் பாத்தாலே கைகால் நடுங்குமே!"