செல்லாத பிடி

"ஒரு வார்த்தைக்கு ஒரு கோப்பையாவே?"

பெருமாள்ராஜ் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகளத்துக்குள் இறங்கிவிட்டார். விழாக் குழுத் தலைவர். பின்னாலேயே பாதி ஊரும் இறங்கியது.

நடுவர் காசிலிங்கம் விசிலைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

கபடி இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமப் புள்ளி. கடைசி ரெய்டுக்கு வந்த உடன்குடி ஆட்டக்காரன் ரசீதை உள்ளூர் அணி கைகோத்துச் சங்கிலி போட்டு மடக்கியது. வெடி போட்டார்கள். முதலில் பாய்ந்து காலைப் பிடித்த செந்தில்முருகனைத் தோளில் தூக்கினார்கள். கேப்டன் முத்துமாலை மட்டும் நடுவரிடம் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தான்.

அதன் பிறகுதான் விசில் ஒலித்தது.

"பிடி செல்லாது. இழிவான பேச்சு. புள்ளி உடன்குடிக்கு."

மூன்று வருஷமாக இறுதி ஆட்டத்தில் தோற்கிற ஊர். விடுமா?

"சாதியச் சொல்லித் திட்டினா பாயிண்டு போகும்னு காலையில மைக்குல சொன்னது நான்தாம்வே. இங்கன எவன் சாதியச் சொன்னான்?"

"சாதியச் சொல்லல அண்ணாச்சி. 'கட்டிப் புடிச்சா உனக்குச் சுகமாத்தானே இருக்கும், வாலே ஒம்போது'ன்னு செந்தில்முருகன் சொல்லியிருக்கான்."

கூட்டம் சிரித்தது.

"இவ்வளவுதானா? நான்கூட என்னமோன்னு நெனச்சேன். களத்துல எறங்குனவன் நாலு வார்த்தை பேசாம மந்திரமாவே ஓதுவான்?"

செந்தில்முருகன் தோளிலிருந்து இறங்கி வந்தான். "சிரிக்க வைக்கதுக்குச் சொன்னது சார். சிரிச்சா மூச்சு விட்டுருவாம்லா."

"சாதியச் சொன்னா மட்டும் ஏன் அண்ணாச்சி பாயிண்டு போகுது?" என்றார் காசிலிங்கம்.

"அது பொறப்புவே. பொறப்பச் சொல்லி ஒருத்தன எளக்காரமா பேசலாமா?"

"இதுவும் பொறப்புதான்."

"அதும் இதும் ஒண்ணாவே?" அண்ணாச்சியின் நெற்றி நரம்பு புடைத்தது. "எங்க ஊர்ல அப்படி எவனும் கெடையாது. இல்லாதவனுக்கு எதுக்குவே சட்டம்?"

ரசீத் முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான். "நான் புகார் எதுவும் சொல்லல அண்ணாச்சி. எங்க ஊர்லயும் இதெல்லாம் பேசுததுதான்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"கேட்டுக்கிடும்! வாங்கினவனுக்கே வலிக்கலையாம். நீரு அந்தக் கோட்டுல நின்னீரு. ஸ்பீக்கர் வேற அலறுது. உம்ம காதுல மட்டும் எப்படிவே விழுந்துச்சு?"



"எவனோ உடன்குடிக்காரன் காதுல ஓதியிருக்கான்!" கூட்டத்தில் ஒரு குரல்.

"நடுவர மாத்துங்கலே!" இன்னொரு குரல்.

அண்ணாச்சி கையை உயர்த்தி அடக்கினார். "எதுக்கு வம்பு? எங்க கேப்டனக் கேளும். சங்கிலியில நின்னவன் அவன்தானே. ஏலே முத்துமாலை, அப்படி ஒரு பேச்சு வந்துச்சாலே? வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. கோப்பையத் தூக்கிட்டுப் போவோம்."

முத்துமாலை அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகிறவன். இதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். கோப்பை மேசை மேல் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தான்.

"வந்துச்சு அண்ணாச்சி. நாந்தான் சார்கிட்ட சொன்னேன்."



"நீயா?" அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பினார். "ஊர்க் கோப்பைய நீயாலே தூக்கிக் குடுத்த? அவன் எவனையோ சொன்னதுக்கு உனக்கு எங்கலே சுட்டுச்சு?"

முத்துமாலை தன் இடது கையைப் பார்த்தான்.

"அவனே ஒம்போது போலிருக்கு! அதாம்லே சுட்டிருக்கு!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். முத்துமாலையின் தோளில் கைபோட்டு வளர்ந்த செந்தில்முருகனும் சிரித்தான்.

காசிலிங்கம் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். முத்துமாலை வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அப்படியே வச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி காறித் துப்பினார். "தூ! இவன நம்பி எம் மவன வேற ஆட விட்டேன். ஏலே இசக்கிராஜ், வாலே வீட்டுக்கு. இனிமே இவன் மூஞ்சியில முழிச்ச, கால ஒடிச்சிருவேன்."

இசக்கிராஜ் அவருக்கு ஒரே மகன். சங்கிலியில் எப்போதும் முத்துமாலையின் இடது கையைப் பிடித்து நிற்கிறவன். 'ஒம்போது' என்ற சொல் யார் வாயிலிருந்து யாரைப் பார்த்து வந்தாலும் அவனுடைய விரல்கள் ஜில்லிட்டு நழுவும். ஏன் என்று போன வருஷம் ஆற்றில் குளிக்கும்போது அவனே முத்துமாலையிடம் சொன்னான். வேறு யாருக்கும் தெரியாது.

இன்றைக்குச் சங்கிலியிலும் அந்த விரல்கள் நழுவியிருந்தன.

"வாலேங்கேன்!"

இசக்கிராஜ் வந்தான். அப்பாவைத் தாண்டிப் போனான். ஆட்டம் இன்னும் முடியாததுபோல, சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், முத்துமாலையின் இடது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.