இரண்டாவது வளையம்

துடியலூருக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் நடுவே, ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிக் கவிழ்ந்து கிடந்தன. துடியலூர் ஸ்டேஷன் மாஸ்டர் பாலுசாமியை நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார் மேலதிகாரி திருமூர்த்தி.

"வளையத்த டிரைவர் கையில குடுக்காம வண்டிய அனுப்பக் கூடாதுன்னு தெரியாதுங்களா?"

"குடுத்துத்தானுங்க அனுப்பினேன்."

"பொய்யிங்க! இந்தப் பாதைக்கு இருக்கறதே ஒரே வளையம்; அது இருக்கற வண்டிதான் உள்ள போகோணும். அது எதுக்கால வந்த மெயில்ல இருந்துச்சு. இதோ!"

"என்ற மேசையிலயும் ஒண்ணு இருந்துச்சுங்களே!" பாலுசாமி தன் வண்டியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். அச்சு அசலாக அதே வளையம்.

திருமூர்த்தியின் முகம் வெளுத்தது. இவர் எதற்கு வெளுக்கிறார் என்று பாலுசாமிக்கு உறுத்தியது.

"யாரோ கள்ளத்தனமா கொண்டாந்து வெச்சிருக்கறாங்க. நீங்களும் அதுக்கு உடந்தை. இன்னையோட உங்களுக்கு வேலை இல்லீங்க!"

அப்போது காப்பியோடு சாந்தாமணி வந்தாள். கவிழ்ந்து கிடந்த பொம்மை எஞ்சினை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு மேசைமேல் டம்ளர்களை வைத்தாள்.

"ஏனுங்க, எங்கப்பாவ நிக்க வெச்சு என்னங்க விளையாட்டு?" என்றவளின் கண் வளையங்கள்மேல் விழுந்தது. "அட, என்ற தங்க வளையலு! அப்பா கையில இருக்கறது காலையில மேசை தொடைக்கறப்பக் கழட்டி வெச்சது. நேத்துக் காணாமப் போன இதோட ஜோடி எப்படிங்க உங்க கைக்கு வந்துச்சு? வேலைக்கு வர்ற மாசாணியவில்ல சந்தேகப்பட்டுப்போட்டேன்!"

திருமூர்த்தி அவசரமாகக் காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டார்.

பாலுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, எந்திரிச்சு நில்லுங்க. இனி விசாரணைய நான் பார்த்துக்கறேன்."