வயர்லெஸ் வாத்தியார்

“உங்களை யாருங்க அவ லேப்டாப்பைத் தொடச் சொன்னது?”

மனைவி கேட்டது வாத்தியாரின் காதில் ஏறவில்லை. சாப்பாட்டு மேஜையில் தங்கையின் லேப்டாப்பைத் திறந்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

“பழைய சிஸ்டம் ஆமை மாதிரி நகர்ந்துச்சு. அதை எடுத்துட்டு லினக்ஸ் போட்டேன். இலவசம். யார் வேணும்னாலும் போட்டுக்கலாமாம்.”

“சரி, போட்டீங்க. வைஃபை எங்க?”

“அதான் காணோம்.”

வாத்தியார் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவர். பல்ப் மாற்றச் சொன்னால் ஸ்டூலோடு சேர்ந்து விழுகிற ஆள். அவருக்கு எதற்கு இந்த வேலை?

மனைவியின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனார் படுத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவள். ஆட்குறைப்பில் அவளை அனுப்பியபோது, ‘உங்களுக்கு ஒண்ணுமே தெரியலை’ என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடிய லேப்டாப்தான், அதன் பிறகு அவள் தொடவே இல்லை.

இப்போது இன்னொரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. இவள் போனை எடுக்காததால் அண்ணிக்கே போன் செய்து, இன்று மாலைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நான் போகலை,” என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

“அவளே நொந்து கிடக்கா. இருந்த ஒரு பொருளையும் கெடுத்து வச்சிருக்கீங்க,” என்றாள் மனைவி.

வாத்தியார் அறைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “பாப்பா, நெட்ல போட்டிருந்த கமாண்டை அப்படியே அடிச்சேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது.”

குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

“எல்லாம் பெரிய எழுத்துல, தெளிவாத்தான் அடிச்சிருக்கேன்.”

கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. “சின்ன எழுத்துல அடிக்கணும் அண்ணா.”

வாத்தியார் திரையில் எழுத்தின் அளவைக் குறைத்தார். “சின்னதாக்கிட்டேன் பாப்பா. இப்ப எனக்கே ஒண்ணும் தெரியலை.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“வைஃபை கார்டை ஓட வைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர்கூட ஏத்திட்டேன். அப்பவும் வரலை.”

“என்ன கார்டுன்னு பார்த்தியா?” கதவு லேசாகத் திறந்திருந்தது.

“எல்லாக் கார்டும் ஒண்ணுதானே? முதல்ல கண்ணுல பட்ட டிரைவரைப் போட்டேன். பரவாயில்ல, பின்பக்கத்தைத் திறந்து கார்டை ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்.” மனைவியிடம் திரும்பினார். “ஒரு கத்தி கொண்டா.”

“கத்தியா?”

கேட்டது மனைவி இல்லை. தலைகூட வாராமல், கசங்கிய உடையோடு தங்கை கூடத்தில் வந்து நின்றாள்.

“எழுந்திரு.”

“இரு பாப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை…”

“எழுந்திருன்னா.”

வாத்தியார் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள்.

“ஒரு மெஷினை இப்படியா அலங்கோலம் பண்ணுவாங்க? வேற ஏதோ கார்டோட டிரைவரைக் கொண்டுவந்து இதுல திணிச்சு வச்சிருக்கே. உன் போனைக் குடு. கேபிள் எங்க?”

போனில் இருந்த இணையத்தை கேபிள் வழியாக லேப்டாப்புக்கு இழுத்தாள். உள்ளே என்ன கார்டு என்று பார்த்தாள். தப்பானதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தக் கார்டுக்கான டிரைவரைத் தேடி ஏற்றினாள். முதல் தடவை வரவில்லை. “ஓகோ, அப்படியா சங்கதி,” என்று லேப்டாப்பிடமே பேசிக்கொண்டு மறுபடி அடித்தாள். நடுவில் வாயைத் திறந்தபோதெல்லாம் வாத்தியார் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“உன் லேப்லயும் இப்படித்தான் கண்ணுல பட்ட பாட்டிலை எல்லாம் எடுத்து ஊத்துவியா?”

லேப்டாப் அணைந்து எழுந்தது. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் வந்து நின்றது.

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “எதுவும் மறக்கலை,” என்றாள், தனக்குத்தானே.

பிறகு தலைமுடியை அள்ளி முடிந்தாள். “அண்ணி, அந்தக் கம்பெனிக்காரங்க நம்பர் உங்க போன்லதானே இருக்கு? குடுங்க, வர்றேன்னு சொல்லிடறேன்.”

போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காகக் கணவரை விட்டுவிட முடியுமா?

“ஏதோ உங்க அசட்டுத்தனம் இன்னைக்கு நல்லதுல முடிஞ்சுது. இனிமே தெரியாத வேலையில கையை வைக்காதீங்க, சொல்லிட்டேன்.”

வாத்தியார் தலையாட்டிக்கொண்டே கேபிளைச் சுற்றினார். மேஜை மேல் அவருடைய போன் அடித்தது. மனைவியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், கம்ப்யூட்டர் டீச்சர் பேசறேன். நம்ம ஸ்கூல் லேப்ல அத்தனை லேப்டாப்புக்கும் நீங்கதானே லினக்ஸ் போட்டு, வயர்லெஸ் கார்டை எல்லாம் ஓட வச்சீங்க? புதுசா வந்த ஒண்ணு மட்டும் என்கிட்ட மல்லுக்கு நிக்குது. நாளைக்குக் கொஞ்சம் பார்த்துக் குடுத்துடறீங்களா?”

வாத்தியார் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார். திறந்திருந்த அறைக்கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்க டீச்சர். வீட்டுல எனக்கு ஒண்ணும் தெரியாது.”